மூன்று மணி நேரமா, மூன்று நாளா? வீட்டு ஸ்டோரேஜ் பெட்டியின் உண்மை வேகம்

கொடைக்கானலில், கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேலே ஒரு சூரிய ஆய்வகம் இருக்கிறது. 1899-ல் தொடங்கப்பட்டது. 1904-ம் ஆண்டிலிருந்து, வானம் இடம்கொடுக்கும் நாள்களில் எல்லாம் அங்கே சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். அந்தக் காலத்தில் கண்ணாடித் தகடுகள், பிறகு ஃபிலிம். நூறு வருடங்களுக்கு மேலாகச் சேர்ந்த அந்தப் படங்கள் இப்போது டிஜிட்டல் ஆகிவிட்டன. ஆய்வகத்தை நடத்திவரும் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் அவற்றைப் பாதுகாத்து, உலகெங்கும் உள்ள ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுக்கிறது.

டிஜிட்டல் ஆக்கப்பட்ட ஒரு படத்தின் அளவு 4,096-க்கு 4,096 புள்ளிகள். அதாவது சுமார் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 16 பிட், அதாவது 2 பைட். பெருக்கிப் பார்த்தால், ஒரு படம் மட்டுமே ஏறத்தாழ 33 எம்பி வருகிறது. நாளைக்கு ஒரு படம், நூறு வருடம் என்று வெறும் கணக்குக்கு வைத்துக்கொண்டால் 36,500 படங்கள். மொத்தம் 1.2 டிபி.

நூறு வருடச் சூரியன் 1.2 டிபி-யில் அடங்கிவிடுகிறது. இன்றைக்கு ஒரு சாதாரணக் குடும்பம் பத்தே வருடத்தில் அதைத் தொட்டுவிடும். வீட்டில் நான்கு போன்கள், ஒரு கல்யாண வீடியோ, பேரன் பேத்தியின் முதல் பிறந்தநாள், சுற்றுலாவில் எடுத்த படங்கள், பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்தவை என்று சேர்த்தாலே போதும்.

போன் நிரம்பி வழியும்போதுதான் பலர் 'நாஸ்' என்ற பெட்டியைப் பற்றி விசாரிக்கிறார்கள். வீட்டு வைஃபை ரூட்டருடன் இணைந்து, ஒன்றோ இரண்டோ ஹார்ட் டிஸ்க்குகளைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டி அது. வீட்டில் உள்ள எல்லாருடைய போனும் கம்ப்யூட்டரும் அதில் படங்களைப் போடலாம், எடுக்கலாம். மாத வாடகை இல்லாத சொந்த கிளவுட் என்று சொல்லலாம்.

வாங்கி வைத்த பிறகு பெரும்பாலானவர்கள் செய்யாமல் விடும் வேலை ஒன்று உண்டு. அது உண்மையில் எவ்வளவு வேகத்தில் வாங்குகிறது, எவ்வளவு வேகத்தில் திருப்பிக் கொடுக்கிறது என்று அளந்து பார்ப்பது.

வேகம் எதற்கு?

'என்ன அவசரம், ராத்திரி முழுக்க ஓடட்டுமே' என்று தோன்றலாம். சும்மா இருக்கும் நாள்களில் அது சரிதான். ஆனால் ஹார்ட் டிஸ்க் ஒன்று 'டிக் டிக்' என்று சத்தம் போட ஆரம்பிக்கும் நாளில் கதை வேறு. அது முழுசாகப் படுத்துவிடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றியாக வேண்டும். அந்த நேரத்தில் குடும்பத்தின் நினைவுகள் எல்லாம் ஒரே ஒரு பிரதியாக, உயிர் ஊசலாடும் ஒரு டிஸ்க்கில் தொங்கிக்கொண்டிருக்கும்.

அதே 1.2 டிபி-யை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? நொடிக்கு 110 எம்பி வேகம் கிடைத்தால் மூன்று மணி நேரம். 11 எம்பி கிடைத்தால் 30 மணி நேரம். தூரத்து அறையில் தள்ளாடும் வைஃபையில் 5 எம்பி-தான் கிடைக்கிறது என்றால் 67 மணி நேரம், கிட்டத்தட்ட மூன்று நாள். மலையில் மூன்று நாள் மின்சாரம் போகாமல் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஆபத்தான நேரம் எவ்வளவு நீளம் என்பதைத்தான் இந்த வேகம் சொல்கிறது. அதனால்தான் அதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்

முதல் குழப்பம் பிட்டுக்கும் பைட்டுக்கும் இடையில். நெட்வொர்க் வேகத்தை மெகாபிட், ஜிகாபிட் என்று பிட்டில் சொல்வார்கள். ஃபைலின் அளவை மெகாபைட், ஜிகாபைட் என்று பைட்டில் சொல்வார்கள். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். எனவே '1 ஜிகாபிட்' என்று பெட்டியில் போட்டிருந்தால் நொடிக்கு 1,000 எம்பி என்று நினைத்துவிடக் கூடாது. எட்டால் வகுத்தால் 125 எம்பி. வழிச்செலவு போக கையில் கிடைப்பது 110 முதல் 118 எம்பி வரை. '100 மெகாபிட்' என்றால் 12.5 எம்பி, கையில் கிடைப்பது 11-ஐ ஒட்டி.

இரண்டாவது, டிஸ்க்கின் வேகமும் நெட்வொர்க்கின் வேகமும் வேறு வேறு. வத்தலக்குண்டு வரை சாலை நன்றாக இருக்கிறது என்பதற்காகக் கொடைக்கானல் போய்ச் சேரும் நேரத்தைக் கணக்குப் போட முடியுமா? மலை ஏற ஆரம்பித்ததும், எந்த வண்டியாக இருந்தாலும் கொண்டை ஊசி வளைவின் வேகம்தான். ஃபைலும் அப்படித்தான். கம்ப்யூட்டர், கேபிள், ரூட்டர், இன்னொரு கேபிள், நாஸ், அதற்குள் டிஸ்க் என்று போகும் பாதையில் எது மிகக் குறுகலோ, அதன் வேகம்தான் மொத்தப் பயணத்தின் வேகம். இன்றைய 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குகள் பெரிய ஃபைல்களை நொடிக்கு 150 எம்பி-க்கு மேல் கையாளக்கூடியவை. பல வீடுகளில் டிஸ்க் தயாராகக் காத்திருக்கும். வழியில் இருக்கும் பழைய கேபிள்தான் வண்டியை நிறுத்தி வைத்திருக்கும்.

இதில் இன்டர்நெட் பிளானுக்கு எந்த வேலையும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். போனிலிருந்து நாஸுக்குப் போகும் படம் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. நெட் இணைப்பு அறுந்து கிடந்தாலும் வீட்டுக்குள் பரிமாற்றம் நடக்கும்.

அளப்பது எப்படி?

பெருமாள்மலைப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்தும் ஒரு குடும்பம் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். கனமான கருங்கல் சுவர் வைத்த பழைய வீடு, பின்னால் தனியாக ஒரு காட்டேஜ். மதுரையில் கல்லூரியில் படிக்கும் மகள் லீவுக்கு வந்திருக்கிறாள். புதிதாக வாங்கிய நாஸ் முன்னறையில் இருக்கிறது. சோதனையை அவள்தான் ஆரம்பிக்கிறாள்.

முதல் வேலை, லேப்டாப்பைக் கேபிள் மூலமாக ரூட்டருடன் இணைப்பது. வைஃபை இல்லாமல் ஒரு முறை அளந்தால்தான் நாஸின் தகுதி தெரியும். லேப்டாப்பில் கேபிள் செருகும் இடம் இல்லாவிட்டால் யுஎஸ்பி-யில் மாட்டும் ஜிகாபிட் அடாப்டர் கடையில் கிடைக்கும்.

இரண்டாவது, 10 ஜிபி அளவுள்ள ஒரே ஒரு பெரிய ஃபைல். நீளமான வீடியோ ஒன்று போதும். அதை நாஸுக்கு காப்பி செய்யும்போது போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட வேண்டும். திரையில் ஓடும் வேகத்தை நம்பக் கூடாது. கம்ப்யூட்டரும் நாஸும் முதலில் வருவதைத் தங்கள் மெமரியில் வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால் ஆரம்பத்தில் காட்டும் எண் சும்மா ஜிலுஜிலுப்பு. சின்ன ஃபைலை வைத்துச் சோதித்தால் டிஸ்க்கை அளக்காமல் மெமரியை அளந்துவிடுவோம். அதனால்தான் நாஸின் மெமரியைவிடப் பெரிய ஃபைல் வேண்டும்.

10 ஜிபி என்றால் 10,000 எம்பி. ஆன நொடிகளால் வகுத்தால் வேகம். 90 நொடி ஆனால் நொடிக்கு 111 எம்பி. கால் மணி நேரம் ஆனால் 11 எம்பி.

மூன்றாவது, அதே ஃபைலை நாஸிலிருந்து லேப்டாப்புக்குத் திரும்ப எடுப்பது. உடனே எடுத்தால் மெமரியில் மிச்சமிருப்பதையே நாஸ் கொடுத்துவிடலாம். முறைப்படி ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு எடுப்பது நல்லது.

நான்காவது, போனில் எடுத்த 2,000 படங்கள் இருக்கும் ஒரு ஃபோல்டர். படத்துக்கு 4 எம்பி என்றால் மொத்தம் 8 ஜிபி. பெரிய ஃபைலைவிட அளவில் குறைவு, ஆனால் நேரம் அதிகம் ஆகலாம். ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயர் எழுதி, இடம் ஒதுக்கி, 'வந்து சேர்ந்தது' என்று பதில் சொல்ல வேண்டும் அல்லவா? ஒரு மூட்டை அரிசியைத் தூக்கி வைப்பதற்கும், அதே அரிசியை ஒரு கிலோ பைகளாக ஒவ்வொன்றாக அடுக்குவதற்கும் உள்ள வித்தியாசம் இது. வீட்டு உபயோகத்தில் பெரும்பாலும் நடப்பது இந்த இரண்டாவது வேலைதான். எனவே குடும்பத்துக்கு முக்கியமான எண்ணும் இதுதான்.

ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து, நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொண்டால் போதும். அந்த நேரத்தில் யாரும் நாஸிலிருந்து படம் பார்க்காமல் இருந்தால் நல்லது. "அப்பா, அரை மணி நேரம் டிவியில அந்தப் படத்தை நிறுத்தி வைங்களேன்" என்று அவள் கேட்பது அதற்காகத்தான்.

எண் என்ன சொல்கிறது?

110-ஐ ஒட்டி வந்தால் எல்லாம் ஒழுங்கு. ஜிகாபிட் பாதையின் எல்லை அதுதான். இதற்கு மேல் பணம் செலவழித்து வேகமான டிஸ்க் போட்டாலும் எண் ஏறாது.

11-ல் நின்றால் பாதையில் எங்கோ ஒரு இடம் 100 மெகாபிட்டில் ஓடுகிறது. ரூட்டரின் போர்ட்டே அவ்வளவுதானா என்று பார்க்க வேண்டும். விலை குறைந்த ரூட்டர்கள் பலவற்றில் அப்படித்தான் இருக்கும். அடுத்தது கேபிள். ஜிகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளும் வேண்டும். ஒன்று அறுந்தாலோ, முனையில் சரியாக உட்காராமல் போனாலோ, எதுவும் சொல்லாமல் 100-க்கு இறங்கிவிடும். இணைப்பு வேலை செய்துகொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கேட் 5இ அல்லது கேட் 6 என்று அச்சிட்ட நல்ல கேபிள் ஒன்றை மாற்றிப் பார்ப்பதுதான் மிக மலிவான வைத்தியம்.

30, 40 வந்தால், பெரும்பாலும் நாஸுக்குப் பதில் ரூட்டரின் பின்புறம் பழைய யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகிய டிஸ்க்காக இருக்கும். அந்த போர்ட்டின் எல்லை அது.

வேகமாக ஆரம்பித்து, சில நிமிடங்களில் பாதாளத்துக்குச் சரிந்தால் டிஸ்க்கின் வகையைப் பார்க்க வேண்டும். 'எஸ்எம்ஆர்' என்ற வகை டிஸ்க்குகள் தகவலை ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று சற்று மூடியபடி எழுதுகின்றன. கொஞ்சம் எழுதும்வரை சுறுசுறுப்பு. தொடர்ந்து எழுதினால் மூச்சு வாங்கும். நாஸுக்கு 'சிஎம்ஆர்' வகை என்று கேட்டு வாங்குவது நல்லது.

குற்றவாளி நெட்வொர்க்கா டிஸ்க்கா என்று பிரித்துப் பார்க்க 'ஐபெர்ஃப்3' என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. நாஸில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று ஓடவிட்டால், டிஸ்க்கைத் தொடாமல் நடுவில் உள்ள பாதையை மட்டும் அளக்கும். 940 மெகாபிட்டை ஒட்டி வந்தால் பாதை சுத்தம். 94 வந்தால் கேபிளையோ போர்ட்டையோ பார்க்க வேண்டியதுதான்.

கல் சுவரும் வைஃபையும்

கேபிளில் நல்ல எண் வந்துவிட்டது. இனி போனைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்ற வேண்டியதுதான். 1 ஜிபி வீடியோ ஒன்றை முன்னறையில் நின்று அனுப்பிப் பார்க்க வேண்டும். பிறகு படுக்கையறை, சமையலறை, பின்னால் இருக்கும் காட்டேஜ்.

முன்னறையில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் நொடிக்கு 50 எம்பி கிடைத்தால் அது நல்ல வேகம். கருங்கல் சுவர் இரண்டைத் தாண்டினால் அந்த அலை சோர்ந்துவிடும். போன் தானாக 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாறும். அது சுவரை ஓரளவு தாண்டும், ஆனால் வேகம் குறைவு. நடுவில் ஒரு வைஃபை ரிப்பீட்டரை வைத்தால் சிக்னல் கோடுகள் நிறையத் தெரியும். ஆனால் அது ஒரே காற்றில் வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும் என்பதால் வேகம் பாதியாகலாம். கோடு எத்தனை என்பதைவிட ஸ்டாப்வாட்ச் என்ன சொல்கிறது என்பதே முக்கியம்.

காட்டேஜுக்கு வெட்டவெளியில் சாதாரண நெட்வொர்க் கேபிள் இழுப்பது மலையில் நல்லதல்ல. கோடை இடிமழையில் பக்கத்தில் எங்கேயாவது மின்னல் இறங்கினால்கூட அந்தச் செம்புக் கம்பி வழியாக மின் அதிர்ச்சி வந்து ரூட்டரையும் நாஸையும் சேர்த்துப் பொசுக்கிவிடலாம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர் கேபிள்தான் பாதுகாப்பு. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது.

மின்வெட்டுக்கு ஒரு யுபிஎஸ் கட்டாயம். பாதி எழுதும்போது மின்சாரம் போனால் அந்த ஃபைல் மட்டுமின்றி டிஸ்க்கின் பட்டியலே குழம்பிவிடக்கூடும். யுஎஸ்பி வழியாக நாஸுடன் பேசும் யுபிஎஸ் என்றால், பேட்டரி தீரும் முன் பெட்டி தானாக ஒழுங்காக அணைந்துவிடும். மழை மாதங்களில் ஈரம் கசியும் சுவரை ஒட்டியும், பனி வந்து நுழையும் ஜன்னல் ஓரத்திலும் பெட்டியை வைக்காமல் இருப்பது நல்லது.

திரும்பி வருகிறதா?

பணம் போட்ட கணக்கிலிருந்து எடுத்துப் பார்க்கும்போதுதானே வங்கியின் மேல் நம்பிக்கை வருகிறது? நாஸும் அப்படித்தான். வேகமாகப் போய்ச் சேர்ந்த ஃபைல் சரியாகத் திரும்பி வருகிறதா என்பதுதான் கடைசிப் பரீட்சை. திரும்ப எடுத்த ஃபோல்டரில் பத்துப் பதினைந்து படங்களைத் திறந்து பார்க்க வேண்டும். எண்ணிக்கை 2,000 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய வீடியோ ஒன்றை நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டு டிஸ்க் போட்ட நாஸில் ஒன்று இன்னொன்றின் நகல்தானே, பிறகு என்ன பயம் என்று கேட்கலாம். ஒரு டிஸ்க் போனால் புதியதை மாட்டி மறுபடி நகல் எடுக்க வேண்டும். 4 டிபி டிஸ்க் முழுவதையும் நொடிக்கு 150 எம்பி-யில் எழுதினாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை மிச்சமிருப்பது ஒரே பிரதி. அது மட்டுமா? யாராவது தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால், இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழிந்துவிடும். எனவே நாஸுக்கு வெளியே இன்னொரு பிரதி வேண்டும். முடிந்தால் வேறொரு ஊரில். மதுரையில் இருக்கும் மகளிடம் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கொடுத்து, ஒவ்வொரு லீவுக்கும் புதுப்பித்துக்கொண்டால் மலையில் என்ன நடந்தாலும் படம் பத்திரம்.

சூரிய ஆய்வகம் சொல்லும் பாடமும் இதை ஒட்டியதுதான். அங்கே படங்களை முதலில் குறைந்த நுணுக்கத்தில், 8 பிட்டில் டிஜிட்டல் ஆக்கினார்கள். பின்னாளில் நல்ல கருவிகள் வந்ததும் 16 பிட்டில் மறுபடி செய்தார்கள். மூலத் தகடுகளும் ஃபிலிமும் பத்திரமாக இருந்ததால்தான் அது முடிந்தது. ஸ்கேன் செய்தாகிவிட்டது என்று பாட்டியின் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிப் போட நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பழனி மலையில் குறிஞ்சி 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. அடுத்த முறை 2030. ஹார்ட் டிஸ்க்குகளுக்குக் கம்பெனிகள் கொடுக்கும் வாரண்டி பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வருடம். 2018-ல் மன்னவனூர் பக்கம் போய் எடுத்த நீலப் படங்கள் 2030 வரை இருக்க வேண்டும் என்றால், நடுவில் இரண்டு மூன்று முறையாவது பழைய டிஸ்க்கிலிருந்து புதியதுக்கு அவை குடிமாற வேண்டியிருக்கும். ஒவ்வொரு குடிமாற்றத்துக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்பது இன்று எழுதி வைக்கும் அந்த எண்ணில் இருக்கிறது.

பெரிய ஃபைல் போக, பெரிய ஃபைல் வர, சின்னப் படங்கள் போக, சின்னப் படங்கள் வர என்று நான்கு எண்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் தேதியோடு எழுதி நாஸின் அடியிலேயே ஒட்டி வைக்கலாம். ஆறு மாதம் கழித்து மறுபடி அளக்கும்போது எண் பாதியாகியிருந்தால், கேபிள் கெட்டிருக்கிறதா, டிஸ்க் களைத்துவிட்டதா என்று விசாரிக்க இன்னும் நேரம் இருக்கும்.